அம்மா வயித்துல இருக்கறப்போ பட்ட கெமிக்கல் மகனோட விந்தணுவ பாதிக்குமா?

கேட்டவருக்கு கல்யாணமாகி குழந்தை தள்ளிப்போகுது, டெஸ்ட் பண்ணதுல கவுண்ட் கம்மின்னு வந்திருக்கு. சிகரெட் தண்ணி எதுவும் கிடையாது, அப்புறம் ஏன்னு தேடினதுல, அம்மா மாசமா இருக்கறப்போ உடம்புல சேர்ந்த பிளாஸ்டிக் கெமிக்கல், பூச்சிமருந்து இதெல்லாம் மகனோட விந்தணுவ பாதிக்கும்னு படிச்சிருக்கார், அத அம்மாகிட்டயே போய் சொல்லியும் இருக்கார், அந்தம்மா "உன்ன சுமந்தப்போ என்னத்த தின்னு தொலைச்சேனோ"ன்னு அழுதுட்டு இருக்காங்களாம். இது நிஜமா, நிஜம்னா இனிமே என்ன பண்றதுன்னு கேட்கறார்.

முதல்ல அம்மா அழறத நிறுத்தச் சொல்லுங்க. வயித்துல இருக்கறப்போ படற கெமிக்கல் ஆண் பிள்ளையோட பிற்கால விந்தணு உற்பத்திய குறைக்க முடியும்ங்கறதுக்கு ஆதாரம் இருக்கு, நல்ல ஆதாரமே இருக்கு. ஆனா ஒரு தனி மனுஷனோட ரிப்போர்ட்ட கையில வச்சுக்கிட்டு "இதுக்குக் காரணம் உங்கம்மாவுக்கு பட்ட அந்த கெமிக்கல்"னு சொல்ல இன்னைக்கு எந்த டெஸ்ட்டும் கிடையாது, எந்த டாக்டராலயும் முடியாது.

சரி, உடம்புல என்ன நடக்குதுன்னு பார்ப்போம். விந்தணு உற்பத்தி ஆரம்பிக்கறது வயசுக்கு வந்தப்புறம்தான், ஆனா அதுக்கான ஏற்பாடு வயித்துலயே ஆரம்பிச்சிடுது. ஆறு ஏழு வாரக் கருவா இருக்கறப்போ ஒய் குரோமோசோம்ல இருக்கற எஸ்ஆர்ஒய்ங்கற ஜீன் வேலைய ஆரம்பிக்கும், அதுவரைக்கும் ஆணா பொண்ணான்னு பிரியாம இருந்த திசு விதையா மாறும். அதுல ரெண்டு வகை செல் இந்தக் கதைக்கு முக்கியம். ஒன்னு லெய்டிக் செல், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் சுரக்கறது இதுதான், விதை வயித்துக்குள்ளேர்ந்து கீழ இறங்கறதுக்கு வேண்டிய இன்னொரு ஹார்மோனையும் இதுதான் சுரக்கும். இன்னொன்னு செர்டோலி செல், பிற்காலத்துல விந்தணுவுக்கு சோறு போட்டு வளர்க்கற செல். ஒரு செர்டோலி செல்லால இத்தனை விந்தணுவத்தான் வளர்க்க முடியும்னு ஒரு அளவு இருக்கு, அதுக்கு மேல முடியாது. இந்த செல் பெருகறது வயித்துல, பிறந்த முதல் சில மாசத்துல, அப்புறம் வயசுக்கு வர்ற சமயத்துல, அதோட சரி, அதுக்கப்புறம் எண்ணிக்கை கூடாது. கல்யாண வீட்டுல எத்தனை அடுப்பு மூட்டியிருக்கோ அதுக்குத் தகுந்த பந்திதான் நடக்கும், விருந்தாளி கூட வந்துட்டாங்கன்னு ராத்திரி புது அடுப்பு கட்ட முடியாது, அந்த மாதிரி.

இதுல நேரம் எவ்வளவு முக்கியம்னு காட்டினது ஸ்காட்லாந்துல எடின்பரோவுல ரிச்சர்ட் ஷார்ப்ங்கற விஞ்ஞானியோட குழு. 2008ல அவங்க எலியில பண்ண ஆராய்ச்சி, சினை எலிக்கு ஆண் ஹார்மோன தடுக்கற மருந்த வெவ்வேறு நாள்ல குடுத்துப் பார்த்தாங்க. உறுப்புகள் உருவாகி கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு நாள் இருக்கு, அந்த நாள்ல தடுத்தா விதை இறங்காது, குறியில கோளாறு வரும், அதுக்கப்புறம் தடுத்தா இதெல்லாம் வரல. மனுஷனுக்கு அந்தக் காலகட்டம் கர்ப்பத்தோட 8ல இருந்து 14வது வாரத்துக்குள்ளன்னு கணிக்கறாங்க. நாள் தள்ளிப்போய், கிட் வாங்கிப் பார்த்து, மாமியார் வீட்டுக்கு சொல்லி, டாக்டர்கிட்ட போறதுக்குள்ள இந்தக் காலகட்டம் ஆரம்பிச்சிடும்னு வச்சுக்கங்க.

எலிய விடுங்க, மனுஷனுக்கு என்ன ஆதாரம்னு கேட்டா நான் முதல்ல சொல்றது இத்தாலியில செவேசோ. 1976 ஜூலை 10, சனிக்கிழமை மத்தியானம், மிலானுக்கு வடக்க மேடாங்கற ஊர்ல இருந்த இக்மேசா கெமிக்கல் ஃபேக்டரியில ஒரு ரியாக்டர் சூடேறி, அழுத்தம் தாங்காம பாதுகாப்புத் தகடு உடைஞ்சு, டயாக்ஸின்ங்கற விஷம் கலந்த புகை பக்கத்து ஊர் செவேசோ மேல போய்ப் படிஞ்சது. டயாக்ஸின்ல பல வகை இருக்கு, அதுலயே மோசமான டிசிடிடி இது. கோழி, முயல் எல்லாம் செத்து விழுந்தது, குழந்தைங்க மூஞ்சியில கொப்புளம் கொப்புளமா வந்தது, ரொம்பப் பாதிச்ச பகுதியிலேர்ந்து 700க்கும் மேல ஆளுங்கள வெளியேத்தினாங்க. இத்தாலியில அப்ப கருக்கலைப்பு சட்டவிரோதம், அப்படியிருந்தும் மாசமா இருந்த பொண்ணுங்களுக்கு விதிவிலக்கு குடுத்தாங்க, அவ்வளவு பயம். ஆனா பிறந்த குழந்தைங்கள எண்ணிப் பார்த்தப்போ பிறவிக் குறை கூடினதா கணக்குல வரல. அப்பாடா தப்பிச்சோம்னு நினைச்சிருப்பாங்க.

இங்கதான் பக்கத்து ஊர் டேசியோ ஆஸ்பத்திரியில லேப் நடத்தின பாவ்லோ மொகரெல்லிய பாராட்டணும். விபத்து நடந்த சமயத்துல எடுத்த ஆயிரக்கணக்கான ரத்த மாதிரிய டெஸ்ட் முடிஞ்சதும் தூக்கிப் போடாம ஃப்ரீஸர்ல வச்சார். அந்தத் துளி ரத்தத்துல டயாக்ஸின அளக்கற வசதி அப்ப உலகத்துலயே கிடையாது, பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, அப்புறம் அமெரிக்காவுல அட்லாண்டாவுல இருக்கற சிடிசிங்கற அரசு நோய்த்தடுப்பு நிறுவனத்தோட லேப்தான் அளந்து குடுத்தது. அதனால அப்படி ரத்தத்த அளந்த செவேசோ ஆளுங்களுக்கு 1976ல ரத்தத்துல எவ்வளவு டயாக்ஸின் இருந்ததுன்னு நம்பரா தெரியும், யூகம் இல்ல. இந்த மாதிரி டேட்டா இந்தத் துறையில ரொம்ப அபூர்வம்.

2008ல வந்த ரிசல்ட் என்னன்னா, விபத்தப்போ 1ல இருந்து 9 வயசுப் பையனா இருந்தவங்களுக்கு வளர்ந்தப்புறம் கவுண்ட் சராசரி ஒரு மில்லிக்கு 53.6 மில்லியன், பாதிக்கப்படாத ஆளுங்களுக்கு 72.5. 10ல இருந்து 17 வயசுல பட்டவங்களுக்கு குறையல, கொஞ்சம் கூடத்தான் செஞ்சிருக்கு. பெரியவங்களா இருந்தப்போ பட்டவங்களுக்கு ஒன்னும் இல்ல. விஷம் ஒன்னுதான், பட்ட வயசு மட்டும்தான் வேற.

2011ல வந்ததுதான் நம்ம கேள்விக்கு நேர் பதில். விபத்துல பாதிக்கப்பட்ட அம்மாக்களுக்கு 1977ல இருந்து 1984க்குள்ள பிறந்த 39 மகன்கள பெரியவங்களானப்புறம் டெஸ்ட் பண்ணாங்க, ஒப்பிட்டுப் பார்க்க பாதிக்கப்படாத 58 பேர். டயாக்ஸின் உடம்பு கொழுப்புல தங்கிடும், பாதி குறையவே சுமார் ஏழு வருஷம் ஆகும், அதனால விபத்து நடந்து பல வருஷம் கழிச்சு கரு உண்டானாலும் அம்மா உடம்புல மிச்சம் இருக்கும். தாய்ப்பால் குடிச்சு வளர்ந்த மகன்களுக்கு கவுண்ட் 36.3 மில்லியன், பாதிக்கப்படாத அம்மாகிட்ட தாய்ப்பால் குடிச்சவங்களுக்கு 86.3. பாதிக்கும் கீழ! பால்பவுடர்ல வளர்ந்தவங்களுக்கு மட்டும் பெருசா வித்தியாசம் இல்ல. தாய்ப்பால் குடிச்ச அந்த மகன்களுக்கு ரத்தத்துல இன்ஹிபின் பி-ங்கற ஹார்மோனும் கம்மி, அது செர்டோலி செல் சுரக்கறது, அதாவது செல் எண்ணிக்கையே குறைஞ்சிருக்கலாம்னு அர்த்தம். பிறந்து முதல் ஆறு மாசத்துல ஆண் குழந்தைக்கு ஹார்மோன் ஒரு தடவ ஏறி இறங்கும், செர்டோலி செல் பெருகற சமயம் அது, அந்த நேரம் பார்த்து பால் வழியாவும் டயாக்ஸின் போயிருக்கு. 39 பேருங்கறது சின்ன எண்ணிக்கை, அத மறக்கக்கூடாது, ஆனா உடம்பு வேலை செய்யற விதத்தோட இது அப்படியே பொருந்துது.

இதப் படிச்சுட்டு யாரும் தாய்ப்பால நிறுத்திடாதீங்க, தயவுசெஞ்சு. அது விஷம் கொட்டின ஊர், தொழில் நாடுகள்ல தாய்ப்பால்ல டயாக்ஸின் அளவு அந்தக் காலத்த விட இப்ப பல மடங்கு குறைஞ்சாச்சு, தாய்ப்பாலால வர்ற நன்மை கணக்குல அடங்காது.

அடுத்தது டிஇஎஸ். 1938ல லண்டன்ல சார்லஸ் டாட்ஸ் குழு தயாரிச்ச செயற்கை ஈஸ்ட்ரோஜன் மாத்திரை. கரு கலையாம இருக்கும்னு அமெரிக்காவுல லட்சக்கணக்கான கர்ப்பிணிகளுக்குக் குடுத்தாங்க. 1953லயே சிகாகோவுல டீக்மன்ங்கற டாக்டர் முறையா சோதனை பண்ணி இதால ஒரு பிரயோஜனமும் இல்லன்னு எழுதிட்டார், இருந்தாலும் 1971 வரைக்கும் எழுதிக் குடுத்துட்டே இருந்தாங்க, அந்த வருஷம் பாஸ்டன்ல மகள்களுக்கு அபூர்வமான பிறப்புறுப்புப் புற்றுநோய் வர்றது தெரிஞ்சப்புறம்தான் நிறுத்தினாங்க. (பலன் இல்லன்னு தெரிஞ்சும் பதினெட்டு வருஷம். கோவம் வருதுல்ல?)

மகள்கள் கதை நிறைய பேருக்குத் தெரியும், மகன்கள் கதைய அவ்வளவா யாரும் பேசறதில்ல. அந்த சிகாகோ சோதனையில இருந்த அம்மாக்களோட மகன்கள தேடிப்பிடிச்சு 1995ல ரிசல்ட் போட்டாங்க. டிஇஎஸ் குடிச்ச அம்மாக்களோட மகன்களுக்கு பிறப்புறுப்புக் கோளாறு மூணு மடங்கு, அதுலயும் 11வது வாரத்துக்கு முன்னாடியே மாத்திரை ஆரம்பிச்சவங்க பிள்ளைங்களுக்கு இன்னும் அதிகம், மேல சொன்ன காலகட்டத்தோட ஒத்துப்போகுது பாருங்க. ஆனா குழந்தை பெத்துக்கறதுல? வித்தியாசமே இல்ல. கோளாறு இருந்தவங்களும் மத்தவங்க மாதிரி அப்பா ஆகியிருக்காங்க.

இது நம்ம ஆளுக்கு ஆறுதலான விஷயம். கவுண்ட் வேற, குழந்தை பாக்கியம் வேற. டென்மார்க்ல குழந்தைக்கு முயற்சி பண்ண ஆரம்பிச்ச ஜோடிகள 1998ல தொடர்ந்து பார்த்ததுல, ஒரு மில்லிக்கு 40 மில்லியன் வரைக்கும் கவுண்ட் கூடக்கூட கரு தரிக்கற வாய்ப்பு கூடுது, அதுக்கு மேல 60 ஆனாலும் 120 ஆனாலும் ஒன்னுதான். உலக சுகாதார நிறுவனம் கீழ் எல்லையா போடறது 16 மில்லியன், அதுக்குக் கீழ இருந்தும் இயற்கையா குழந்தை பெத்தவங்க இருக்காங்க.

இப்ப எல்லாரும் பயப்படற பிளாஸ்டிக்குக்கு வரேன். பிவிசிய வளையற மாதிரி மெத்துன்னு ஆக்கறதுக்கு சேர்க்கற தாலேட்டுங்கற கெமிக்கல், சென்ட், நெயில் பாலிஷ்லயும் சில வகை வரும். எலிக்கு சினையில குடுத்தா வயித்துல இருக்கற ஆண் குட்டிக்கு டெஸ்டோஸ்டிரோன் குறையுது, இதுல சந்தேகமே இல்ல. மனுஷன்ல ஷானா ஸ்வான்ங்கற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 2005ல 85 ஆண் குழந்தைங்கள அளந்தாங்க, எதன்னா ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் நடுவுல உள்ள தூரத்த. கேக்கறதுக்கு வேடிக்கையா இருக்கும், ஆனா வயித்துல ஆண் ஹார்மோன் எவ்வளவு கிடைச்சதுங்கறதுக்கு வாழ்நாள் பூரா அழியாத அடையாளம் அது. அம்மா மூத்திரத்துல தாலேட் கூட இருந்தா பையனுக்கு தூரம் கம்மியா இருந்தது. அப்புறம் 2011ல அமெரிக்காவுல ராச்செஸ்டர்ல காலேஜ் பசங்கள அளந்து பார்த்தா தூரம் கம்மியா இருந்தவங்களுக்கு கவுண்ட்டும் கம்மி. ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா கதை முடிஞ்ச மாதிரிதான் தெரியும்.

ஆனா முடியல. மனுஷக் கருவோட விதைத் திசுவ எலிக்குள்ள வச்சு வளர்த்து எடின்பரோவுல 2012ல தாலேட் குடுத்துப் பார்த்தாங்க, டெஸ்டோஸ்டிரோன் குறையல. எலி விதையும் மனுஷ விதையும் இந்த விஷயத்துல ஒரே மாதிரி நடந்துக்கலன்னுதான் எடுத்துக்கணும். அதே முறையில 2015ல பாரசிட்டமால் குடுத்தாங்க, ஒரு நாள் குடுத்தா ஒன்னும் ஆகல, ஏழு நாள் தினம் மூணு வேளை குடுத்தா டெஸ்டோஸ்டிரோன் 45% குறைஞ்சது. எல்லாரும் பிளாஸ்டிக் டப்பாவப் பார்த்து பயந்துட்டு இருக்கறப்போ மருந்துப் பெட்டியில இருக்கற மாத்திரைதான் அந்த சோதனையில மாட்டினது. அதுக்காக மாசமா இருக்கறப்போ 102 டிகிரி காய்ச்சலோட மாத்திரை போடாம படுத்துடாதீங்க, காய்ச்சலும் கருவுக்கு ஆகாது. டாக்டர் சொன்ன அளவு, சொன்ன நாள், அதோட நிறுத்திக்கங்க, தலைவலின்னா தினம் ஒன்னு போடற பழக்கம் வேண்டாம்.

இன்னொன்னு, நமக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு கெமிக்கல் மட்டும் படறதில்ல. டென்மார்க்ல 2009ல நாலு கெமிக்கல, தனித்தனியா குடுத்தா ஒன்னும் ஆகாத அளவுல, சேர்த்து எலிக்குக் குடுத்தாங்க, குட்டிகளுக்கு குறியில கோளாறு வந்தது. பாதுகாப்பான அளவுன்னு அரசாங்கம் போடற நம்பர் பெரும்பாலும் ஒவ்வொரு கெமிக்கலுக்கும் தனியா போட்டது. என்னைக் கேட்டா இந்த மொத்த விஷயத்துலயே பெரிய ஓட்டை இதுதான், வீட்டுல எவர்சில்வர் டப்பா வாங்கி வச்சு அடைக்கற ஓட்டை இல்ல இது, சட்டம் போட்டு அடைக்கணும்.

உலகம் முழுக்க கவுண்ட் பாதியா குறைஞ்சிடுச்சுன்னு வர்ற செய்தி பத்தியும் கேட்டிருந்தார். ஆரம்பிச்சு வச்சது கோபன்ஹேகன் ஸ்காக்கபெக் குழு, 1992ல, 1940ல 113 மில்லியனா இருந்தது 1990ல 66 ஆச்சுன்னு 61 ஆராய்ச்சிய கூட்டிப் போட்டாங்க. 2022ல லெவைன், ஸ்வான் இவங்க 1973க்கும் 2018க்கும் நடுவுல 101ல இருந்து 49 ஆச்சுன்னாங்க. பழைய காலத்துல எண்ணின முறை வேற, டெஸ்டுக்கு வந்த ஆளுங்க வேற, அதனால அந்தக் கோடு அவ்வளவு செங்குத்தா இறங்குதான்னு சண்டை இன்னும் ஓயல. குறைஞ்சிருக்குன்னு நானும் நம்பறேன், ஆனா அதுல எவ்வளவு கெமிக்கல், எவ்வளவு தொப்பை, எவ்வளவு சிகரெட்டுன்னு பிரிச்சுச் சொல்றவங்கள நம்பறதில்ல. எனக்கு இதவிட ஆச்சரியமா இருக்கறது வேற ஒன்னு. டென்மார்க்ல பிறக்கறப்போ விதை இறங்காத ஆண் குழந்தை 9%, பக்கத்துல இருக்கற ஃபின்லாந்துல 2.4%, ஒரே மாதிரி முறையில ரெண்டு நாட்டுலயும் பரிசோதிச்சுப் போட்ட கணக்கு. பரம்பரை வித்தியாசம் மட்டும் இத்தனைக்குக் காரணமா இருக்குமாங்கற கேள்வியிலதான் இந்தத் துறையே ஓடிட்டு இருக்கு.

நம்ம பக்கத்துல கேட்டா காசர்கோடு. முந்திரித் தோட்டத்துக்கு இருபது வருஷத்துக்கு மேல ஹெலிகாப்டர்ல எண்டோசல்பான்ங்கற பூச்சிமருந்த தெளிச்சாங்க. அகமதாபாத் தேசிய தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் பத்ரே கிராமத்துல 117 பசங்களயும், தெளிக்காத ஊர்ல 90 பசங்களயும் ஒப்பிட்டு 2003ல வெளியிட்டது, தெளிச்ச ஊர்ப் பசங்க வயசுக்கு வர்றது தள்ளிப்போயிருந்தது, டெஸ்டோஸ்டிரோனும் கம்மி. அந்த ஆராய்ச்சியில விந்தணுவ அளக்கல, அதனால அதப்பத்தி நான் பேச மாட்டேன். 2011ல சுப்ரீம் கோர்ட் எண்டோசல்பானுக்கு தடை போட்டது.

இப்ப அந்த அம்மாகிட்ட வரேன். இந்தத் துறையில திரும்பத் திரும்ப பல ஆராய்ச்சியில வந்த ரிசல்ட் எதுன்னு கேட்டா பிளாஸ்டிக் இல்ல, கர்ப்பத்துல சிகரெட். டென்மார்க்ல அம்மா புகைச்சிருந்தா மகனுக்கு கவுண்ட் சுமார் 20% கம்மி. நம்ம ஊர்ல அம்மாக்கள் பெரும்பாலும் புகைக்கறதில்ல, அப்ப நமக்கு இல்லன்னு விட்டுடலாமா? ஸ்வீடன்ல லுண்ட் யுனிவர்சிட்டியில 2018ல அப்பா புகைச்சிருந்தாரான்னு பார்த்தாங்க. கர்ப்ப காலத்துல அப்பா புகைச்ச வீட்டுப் பசங்களுக்கு கவுண்ட் 41% கம்மி, அம்மா ரத்தத்துல இருந்த நிகோடின் அளவ கழிச்சுப் பார்த்த பிறகும். 104 பேர்தான், சின்ன ஆராய்ச்சி, ஆனா அது வந்த நாள்லேர்ந்து யாராவது "அம்மா என்ன சாப்பிட்டாங்க"ன்னு ஆரம்பிச்சா நான் "அப்பா என்ன ஊதினார்"னு கேட்பேன். பிள்ளை இல்லன்னா பொண்டாட்டிய கேட்கறது, பிள்ளைக்குக் குறைன்னா பெத்தவளக் கேட்கறது, இந்தப் பழக்கத்துக்கு அறிவியல துணைக்குக் கூப்பிடாதீங்க.

கேட்டவர் இப்ப செய்ய வேண்டியது: ஒரு டெஸ்ட்ட வச்சு முடிவு பண்ணாதீங்க. கவுண்ட் ஆளுக்குள்ளயே வாரத்துக்கு வாரம் பயங்கரமா ஏறி இறங்கும், சில வாரம் கழிச்சு, விந்து வெளியேறாம ரெண்டு மூணு நாள் இருந்துட்டு, அதே லேப்ல இன்னொரு தடவ குடுங்க, நடுவுல காய்ச்சல் வந்திருந்தா மூணு மாசம் தள்ளிக் குடுங்க, ஏன்னா ஒரு விந்தணு உருவாகி வெளிய வர ரெண்டரை மாசத்துக்கு மேல ஆகும். யூராலஜிஸ்ட்கிட்ட போய் வெரிக்கோசில் இருக்கான்னு பாருங்க, விதைப்பையில ரத்தக்குழாய் புடைச்சிருக்கறது, சரிபண்ணக் கூடிய காரணங்கள்ல அதுதான் முதல். ஜிம்முல டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டிருந்தா டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க, அது விந்தணு உற்பத்திய ஏறக்குறைய நிறுத்தியே விடும்.

மனைவி மாசமாகறதுக்கு முன்னாடியே வீட்டுல செய்யக் கூடியது கொஞ்சம்தான். வீட்டுல யாரும் புகைக்கக் கூடாது. பூச்சிமருந்து அடிக்கற வயலுக்கு, தோட்டத்துக்கு அவங்கள அனுப்பாதீங்க, கரப்பான் மருந்து அடிக்கறதயும் தள்ளிப் போடுங்க. சாப்பாட்ட பிளாஸ்டிக்ல சூடு பண்ண வேண்டாம். தாலேட் உடம்புல ஒரு நாள் ரெண்டு நாள்தான் தங்கும், நிறுத்தினா அந்த வாரமே குறையும், அது டயாக்ஸின் மாதிரி இல்ல. சென்ட், நெயில் பாலிஷ் முதல் மூணு மாசம் இல்லாம இருக்கலாம்.

ஆண் குழந்தை பிறந்தா டிஸ்சார்ஜ் ஆகறதுக்கு முன்னாடி ரெண்டு விதையும் கீழ இருக்கான்னு டாக்டர தொட்டுப் பார்க்கச் சொல்லுங்க. ஒன்னு இறங்கலன்னா பல குழந்தைங்களுக்கு சில மாசத்துல தானா இறங்கிடும், ஆறு மாசம் ஆகியும் இறங்கலன்னா குழந்தைகள் சர்ஜன்கிட்ட போயிடுங்க, ஒன்னரை வயசுக்குள்ள ஆபரேஷன் முடிஞ்சிடணும். "பெரியவனானா சரியாயிடும்"னு பாட்டி சொல்றதக் கேட்டு அஞ்சு வயசு வரைக்கும் விட்டுடாதீங்க, உள்ள சூட்டுல இருக்கற ஒவ்வொரு வருஷமும் அந்த விதையில விந்தணு உண்டாக்கற செல்லு அழிஞ்சிட்டே வரும்.